சைரன் மட்டும் அடித்திருந்தால்

கோதண்டம் சார் பாராட்டியபோதுதான் கார்குழலிக்கு முதலில் பயம் வந்தது. மூன்று வருடமாக அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தேதி தப்பினால் திட்டியிருக்கிறார், புள்ளி விட்டுப்போனால் தாளை மேஜையில் விட்டெறிந்திருக்கிறார். ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை. அன்று செவ்வாய்க்கிழமை காலையில் கூப்பிட்டனுப்பி, "உட்காரும்மா" என்றார்.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே, கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும் கடலோரச் சாலையில் இருந்தது அந்த அமிலக் கிடங்கு. கோதண்டம் அதன் நிர்வாக மேலாளர். கார்குழலி ஒப்பந்தத்தில் சேர்ந்தவள். தட்டச்சு, கடிதப் போக்குவரத்து, தமிழில் வருவதை ஆங்கிலத்தில் ஆக்குவது எல்லாம் அவள் தலையில். மேஜைமேல், வால்வு பார்க்கும் கிருஷ்ணப்பன் விபத்தைப் பற்றிச் சொன்னதை அவள் அடித்துக் கொடுத்திருந்த வாக்குமூலம் கிடந்தது. நடுவில் ஒரு வரிக்குக் கீழே பச்சை மையில் கோடு இழுத்திருந்தார்.

"இதை நீயே எழுதினியா, யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"நான்தான் சார். கிருஷ்ணப்பண்ணன் சொன்னதை அப்படியே இங்கிலீஷ்ல போட்டேன்."

"ரொம்ப நல்லா வந்திருக்கு. இந்த ஒரு வரி போதும்."

எதற்குப் போதும் என்று சொல்லவில்லை. அவர் கோட்டின் மேல் விரலை வைத்து ஒருமுறை தடவினார். "வியாழக்கிழமை மும்பை ஹெட் ஆபீஸ்லேர்ந்து விசாரணைக்கு வர்றாங்க. அவங்க யாருக்கும் தமிழ் தெரியாது. அன்னிக்கும் நீதான் மொழிபெயர்க்கணும். போய் வேலையைப் பாரு."

தன் இடத்துக்கு வந்து கணினியில் அந்த வாக்குமூலத்தைத் திறந்தாள். பச்சைக் கோடு விழுந்த வரியைத் தேடி எடுத்துப் படித்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடி படித்தாள். மூன்றாம் முறை உதட்டை அசைத்துப் படித்தபோது ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டாள்.

விபத்து நடந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பிற்பகல் நேரம், டேங்கர் லாரிக்கு அமிலம் ஏறிக்கொண்டிருந்தது. பெரிய தொட்டிக்கு அந்தப் பக்கம் வால்வுக்கு அருகில் கிருஷ்ணப்பன் நின்றிருந்தார். வியாசர்பாடிக்காரர், ஐம்பது வயது, இருபத்திரண்டு வருடமாக அதே வால்வு. இந்தப் பக்கம் பம்ப் இருக்கும் குழிக்குள் குழாயின் இணைப்பு ஒன்று சொட்டியது. கொருக்குப்பேட்டை அன்புமணி, குழாய் வேலை பார்ப்பவன், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினான். அவன் இறங்கியது கிருஷ்ணப்பனுக்குத் தெரியாது. இணைப்பு விட்டுப்போய் அமிலம் பீச்சியது. குழிக்குள் புகை கிளம்பினால் தானாகவே சைரன் அலற வேண்டும். அலறவில்லை. லாரி டிரைவர் மட்டும் கத்தினார். பம்பு இரைச்சலில் அந்தச் சத்தம் தொட்டியைத் தாண்டிப் போகவில்லை. வெள்ளைப் புகை சுற்றிக்கொண்டு தன் பக்கம் வந்த பிறகுதான் கிருஷ்ணப்பன் வால்வை மூடிவிட்டு ஓடிவந்தார். குழிக்குள் கையை விட்டு அன்புமணியைத் தூக்கினார். அவருடைய வலது கை முழங்கைவரை வெந்துபோனது. அன்புமணி மூன்றாம் நாள் அரசு ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

சைரன் ஏன் அலறவில்லை என்பது கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். காரணமில்லாமல் அடிக்கடி கத்துகிறது, லாரிகள் நின்றுபோகின்றன என்று நாலு மாதம் முன்பே அதன் வயரைக் கழற்றிவிட்டிருந்தார்கள். கழற்றச் சொன்னவர் கோதண்டம். அதுவும் எல்லோருக்கும் தெரியும், ஆனால் காகிதத்தில் எங்கும் இல்லை.

வாக்குமூலம் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனவள் கார்குழலிதான். கிருஷ்ணப்பன் கட்டிலில் சாய்ந்து, கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். அவள் ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் அவர் நிறுத்தி, கண்ணை மூடி, அதே வரியை இரண்டு தரம் சொன்னார்.

"சைரன் மட்டும் அடிச்சிருந்தா நான் வால்வ மூடியிருப்பேன்மா. சைரன் மட்டும் அடிச்சிருந்தா."

அலுவலகத்துக்கு வந்து அதை அடிக்க உட்கார்ந்தபோது, கை முதலில் போட்டது சரியாகத்தான் போட்டது. 'இஃப் ஒன்லி' என்றுதான் வரி ஆரம்பித்தது. பார்த்தால் அழுவதுபோல் இருந்தது. அலுவலகக் காகிதம் இப்படியா அழும் என்று நினைத்தாள். திருவொற்றியூரில் ஒரு டுடோரியலில் ஆறு மாதம் இங்கிலீஷ் படித்திருந்தாள். அங்கே கரும்பலகையில் எழுதிப்போட்ட விதி ஒன்று அவளுக்கு மனப்பாடம். 'வுட் ஹேவ்' என்று இரண்டு துணைச்சொல் சேர்ந்து வந்தால், ஒருவேளை, எப்போதும், ஒருபோதும் மாதிரியான சொற்கள் இரண்டுக்கும் நடுவில் போய் உட்கார வேண்டும். வெளியே தனியாக நின்றால் பட்டிக்காட்டு இங்கிலீஷ். அந்த வாக்குமூலத்திலேயே இன்னொரு வரி இருந்தது: இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தால் அநேகமாக நானும் செத்திருப்பேன். அதை 'வுட் ப்ராபப்ளி ஹேவ்' என்று போட்டிருந்தாள். அழகாக உட்கார்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் மேலே போய், 'ஒன்லி'யையும் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து 'வுட்'டுக்கும் 'ஹேவ்'வுக்கும் நடுவில் வைத்தாள்.

ஐ வுட் ஒன்லி ஹேவ் க்ளோஸ்டு த வால்வ் இஃப் த சைரன் ஹேட் சவுண்டட்.

ப்ராபப்ளி எங்கே உட்கார்ந்தாலும் ப்ராபப்ளிதான். ஒன்லி அப்படி இல்லை. அது யார் பக்கத்தில் போய் உட்காருகிறதோ அவர்களைப் பிடித்துக்கொள்கிறது. சைரன் மட்டும் அடித்திருந்தால் மூடியிருப்பேனே என்று ஒரு மனிதன் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னது, சைரன் அடித்திருந்தால் மட்டும்தான் மூடியிருப்பேன், இல்லாவிட்டால் எவன் கத்தினாலும் எவன் செத்தாலும் மூடியிருக்க மாட்டேன் என்று ஆகிவிட்டது. அதற்குக் கீழே கிருஷ்ணப்பனின் இடது பெருவிரல் ரேகை. அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ரேகைக்குக் கீழே மொழிபெயர்த்தவர் என்று கார்குழலியின் கையெழுத்து.

ரஃப் நோட்டுத் தாளை, தட்டச்சு முடிந்த அன்றே கிழித்துப் போட்டிருந்தாள்.

பகல் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. மூன்று மணிக்குக் கோதண்டம் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே போகும்போது துப்பட்டா முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்து அதை விட்டாள்.

"சார், அந்த வரியில ஒரு தப்பு விழுந்திருக்கு. ஒன்லி இடம் மாறிப்போச்சு. அவர் சொன்னது வேற சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

"தப்பு எதுவும் இல்ல. அவர் சொன்னார், நீ எழுதினே, அவர் ரேகை வெச்சார்."

"இல்ல சார், அவரு..."

"கார்குழலி. கீழ யாரு கையெழுத்து?"

"என்னுதுதான் சார்."

"செத்துப்போன கேஸ்மா இது. போலீஸ்ல இருக்கு. தப்பா மொழிபெயர்த்துட்டேன்னு இப்ப நீ சொன்னா, முதல்ல எதுக்கு அப்படி எழுதினே, யார் சொல்லி எழுதினேன்னு உன்னைத்தான் கேப்பாங்க. வாக்குமூலத்தைத் திருத்தினா என்ன செக்‌ஷன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று அவள் தலையை ஆட்டினாள்.

"வியாழக்கிழமை விசாரணைக்கு வர்ற அம்மா அந்த வரியைப் படிப்பாங்க. நீ கிருஷ்ணப்பன் கிட்ட, அவர் தமிழ்ல என்ன சொன்னாரோ அதையே திருப்பிச் சொல்லு. அவர் ஆமாம்பார். நீ எஸ்னு சொல்லு. இதுல பொய் எங்க இருக்கு?"

பொய் எங்கே இருக்கிறது என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. அவர் சொன்னதை அவரிடமே சொல்வது, அவர் ஆமாம் என்பது, ஆமாம் என்றதை எஸ் என்பது. ஒவ்வொன்றும் உண்மை. மூன்றையும் சேர்த்தால் ஒரு மனிதன் ஜெயிலுக்குப் போகிறான்.

சாயங்காலம் வெளியே வரும்போது கேட்டருகில் ஒரு அம்மாள் நின்றிருந்தாள். லாரிப் புழுதியில் புடவைத் தலைப்பை மூக்கோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கார்குழலியைப் பார்த்ததும் தலைப்பை விட்டுவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கிருஷ்ணப்பனின் மனைவி கெங்கம்மா. ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறாள்.

"எங்கூட்டுக்காரரு சொன்னாரும்மா, ஒரு பொண்ணு வந்து ஒண்ணு வுடாம எய்திக்கினு போச்சுன்னு. நீதானேம்மா அது? செக்யூரிட்டி சொன்னாரு, நல்லா எய்திக்கீதுன்னு மேனேஜரே பேசிக்கினாராம். நீ நல்லா இருக்கணும்மா."

கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. "பஸ்ஸு வந்துடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு, வராத பஸ்ஸை நோக்கி வேகமாக நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தப் பிடி மணிக்கட்டில் இருந்தது.

வீட்டில் அவள் புருஷன் வெற்றி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, விசைப்படகிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சும்மா நின்றன. கடலுக்குப் போகாத இந்த இரண்டு மாதமும் அடுப்பு எரிவது அவள் வேலையால்தான்.

அவள் சொல்லச் சொல்ல அவன் துடைப்பதை நிறுத்தினான்.

"ஒரு வார்த்த எடம் மாறுனதுக்கா இத்தினி பேஜாரு?"

"ஒரு வார்த்ததான் மாமா. அதான் அவர மாட்டி வுடுது."

"நீ வாயத் தொறந்தா இன்னா ஆவும்?"

"வேல போவும். போலீசு என்னிய கேக்கும்னு சொல்றாரு."

"நெசமாவே கேக்குமா?"

"எனக்கு இன்னா தெரியும்?"

வெற்றி பம்பை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே பளபளவென்றிருந்த இடத்தையே துடைத்தான். "இந்த தபா வுட்ரு குழலி. கம்முனு அந்தாளு சொன்னாமாரி சொல்லிட்டு வந்துரு. பெரிய எடம். நாம இன்னா பண்ண முடியும்." கொஞ்ச நேரம் கழித்து, அவளைப் பார்க்காமலே கேட்டான். "அவருக்குப் புள்ளைங்க கீதா?"

"ரெண்டு பொண்ணு. பெரிசு பன்னெண்டாவது."

அவன் துணியை உதறிப் பம்பின்மேல் போட்டு மூடினான். கடலில் அலைக்குப் பயப்படாத மனிதன் பயந்து அவள் பார்த்தது அன்றுதான். அது அவள் பயத்தைக் குறைக்கவில்லை. இன்னொரு மடங்கு கூட்டியது.

புதன்கிழமை முழுக்க அவள் விரல்கள் தானாகத் தப்புத் தப்பாக அடித்தன. ஒரு சாதாரணக் கடிதத்தில் 'வுட்' என்று வந்த இடத்தில் நின்றுவிட்டாள், அடுத்து என்ன வைப்பது என்று தெரியாமல்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. ஏ.சி. அறையில் நீளமேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்தவர் ரமாபாய். அறுபதை நெருங்கிய அம்மாள், கத்தரித்த நரைமுடி, கையில் சீவிய பென்சில். இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள். ஒருவர் பொறியாளர், ஒருவர் வக்கீல். மேஜையின் ஓரத்தில் கோதண்டம். இந்தப் பக்கம் கிருஷ்ணப்பன். சட்டையின் வலதுகை காலியாகத் தொங்க, கட்டுப்போட்ட கை கழுத்துத் தூளியில் கிடந்தது. அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கார்குழலியை உட்கார வைத்தார்கள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கிறதே என்ற சிரிப்பு.

ரமாபாய் வாக்குமூலத்தைப் பத்தி பத்தியாக ஆங்கிலத்தில் படித்தார். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கார்குழலி அதைத் தமிழில் சொன்னாள். கிருஷ்ணப்பன் தலையாட்டினார். அவளுக்குத் தன் குரல் வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது. அந்த வரி வந்தது. ரமாபாய் அதை மட்டும் நிதானமாகப் படித்துவிட்டு, பென்சிலைத் தாளில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்.

கார்குழலியின் வாயில் இரண்டு தமிழ் வாக்கியங்கள் இருந்தன. ஒன்றைச் சொன்னால் கிருஷ்ணப்பன் குதித்தெழுந்து, இது நான் சொன்னதில்லை என்பார். இன்னொன்றைச் சொன்னால் ஆமாம் என்பார். மேஜை ஓரத்தில் கோதண்டம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

"சைரன் மட்டும் அடிச்சிருந்தா நான் வால்வை மூடியிருப்பேன்னு சொன்னீங்களாண்ணே?"

"ஆமாம்மா. அப்பயும் அதான் சொன்னேன், இப்பயும் அதான்."

"எஸ்," என்றாள் கார்குழலி.

பேனா மறுபடி தட்ட ஆரம்பித்தது. ரமாபாய் எழுதினார். எழுதியதைப் பதிவுக்காகச் சத்தமாகவும் சொன்னார்: லாரி டிரைவர் கூச்சலிட்டும், சைரன் ஒலிக்காதவரை தான் செயல்பட்டிருக்க மாட்டேன் என்பதைத் தொழிலாளி உறுதி செய்கிறார். வக்கீல் அவர் பக்கம் சாய்ந்து, இது போதும், போலீசுக்கு அனுப்பிவிடலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்தப் பேச்சில் கிருஷ்ணப்பனுக்குப் பிடிபட்டது போலீஸ் என்ற ஒரே சொல். அவர் முகம் மலர்ந்தது. கார்குழலியின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"இன்னாம்மா, சைரன் வயர கய்ட்டினவன போலீஸ்ல குடுக்கப் போறாங்களா?"

அவர் கண்ணில் இருந்தது நன்றி. நேற்று முன்தினம் கேட்டருகில் அந்த அம்மாள் கண்ணில் இருந்த அதே நன்றி. எழுந்துவிட்டாள். ஏன் எழுந்தாள் என்று பிறகு யோசித்தும் தெரியவில்லை. எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது.

"மேடம், மை மிஸ்டேக்," என்றாள். அதற்குமேல் இங்கிலீஷ் வரவில்லை. டுடோரியலில் படித்ததெல்லாம் எங்கோ ஓடிப்போயிருந்தது. "ஒன்லி... ராங் பிளேஸ். ஐ புட். நாட் ஹிம்."

கோதண்டம் சிரித்தபடி ஆங்கிலத்தில், பெண்ணுக்கு இதுதான் முதல் விசாரணை, பதறிவிட்டாள், பத்து நிமிடம் இடைவேளை விடலாம் என்றார்.

ரமாபாய் அவரைப் பார்க்கவே இல்லை. பென்சிலைத் திருப்பிக் கார்குழலியிடம் நீட்டினார். ஒரு வெற்றுத் தாளையும் தள்ளினார். எழுதிக் காட்டு என்றார்.

நின்றபடியே குனிந்து எழுதினாள். மேலே தான் அடித்த வரி. கீழே, 'இஃப் ஒன்லி' என்று ஆரம்பிக்கும் வரி. இரண்டிலும் ஒன்லியைச் சுற்றி வட்டம் போட்டாள். இரண்டாவதைத் தொட்டு, "ஹி செட் திஸ்," என்றாள்.

அந்த அம்மாள் இரண்டு வரியையும் மாறி மாறிப் படித்தார். வக்கீலும் எட்டிப் பார்த்தார். பிறகு ரமாபாய் நிமிர்ந்து, ஒவ்வொரு சொல்லாக விட்டுக் கேட்டார். ஐந்து நிமிடம் முன்னால் எஸ் என்று சொன்னவளும் நீதான். இப்போது இதைச் சொல்பவளும் நீதான். நான் எதை நம்புவது?

காட்டக் கார்குழலியிடம் எதுவும் இல்லை. நோட்டுத் தாள் இல்லை, சாட்சி இல்லை. "ஐ வாஸ் அஃப்ரெய்ட்," என்றாள். யாரிடம் பயம் என்று கேட்டார் ரமாபாய். அவள் ரமாபாயைப் பார்த்தாள், வக்கீலைப் பார்த்தாள், கிருஷ்ணப்பனைப் பார்த்தாள். பெயர் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் அவள் பார்க்காத ஒரே பக்கம் எது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

ரமாபாய் ஒரு கேள்வி கொடுத்தார். நான் சொல்வதை மட்டும் கேள், ஒரு சொல் கூட்டாதே, குறைக்காதே. கார்குழலி கிருஷ்ணப்பன் பக்கம் திரும்பினாள். அவருக்கு இன்னும் எதுவும் புரியவில்லை, மிரண்டுபோயிருந்தார்.

"சைரன் அடிக்கலை. ஆனா டிரைவர் கத்துனது உங்க காதுல விழுந்திருந்தா, என்ன பண்ணியிருப்பீங்க?"

கிருஷ்ணப்பன் இப்படி ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்தார். "இன்னாம்மா கேக்கற. காதுல வுய்ந்திருந்தா அப்பவே மூடியிருக்க மாட்டேனா? பம்பு கத்திக்கினு கீதும்மா. காதுகிட்ட வந்து கத்துனாலும் கேக்காது. பொகையப் பாத்துதானே மூடினேன்?" சொல்லிக்கொண்டே எழுந்தார். இடது கையால் காற்றில் ஒரு சக்கரத்தைப் பிடித்து வேகவேகமாகச் சுற்றினார். கட்டுப்போட்ட கையும் தூளிக்குள் தன்னையறியாமல் கூடவே சுற்றப் பார்த்தது. வலியில் முகம் சுருங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பொகையப் பாத்ததும் மூடினேன். அதுக்குள்ள அன்புமணி..." என்றவர் முடிக்கவில்லை.

கார்குழலி மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். ரமாபாய் வேண்டாம் என்று கையைக் காட்டினார். பொறியாளரிடம் திரும்பி, அந்த சைரன் எங்கே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம் என்றார்.

அவர்கள் வெயிலில் நடந்து பம்புக் குழிப் பக்கம் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கோதண்டம் பின்னாலேயே போனார், குடை எடுத்துக்கொள்ளவில்லை. கம்பத்தில் ஏணி சாய்த்து ஆளை ஏற்றினார்கள். மேலே ஏறியவன் ஏதோ சொன்னான். பொறியாளர் தன் கைபேசியில் படம் எடுத்தார். அவ்வளவு தூரத்திலிருந்து வயர் தெரியவில்லை. வெட்டவெளியில் நின்ற மூன்று பேரும் ஒரே பக்கம் திரும்பிக் கோதண்டத்தைப் பார்த்தது மட்டும் தெரிந்தது.

அறையில் அவளும் கிருஷ்ணப்பனும் மட்டும் இருந்தார்கள். அவள் எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னாள். எந்தச் சொல், எங்கே இருந்தது, எங்கே வைத்தாள், அதனால் என்ன ஆனது, கொஞ்சம் முன் தான் எஸ் என்றது எதற்கு என்பதுவரை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள்.

"அப்போ நா ஆமான்னு சொன்னது, ஆமா நாந்தான் சாவடிச்சேன்னு சொன்னா மாரியா?"

"ஆமாண்ணே."

அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கிருஷ்ணப்பனைப் போலீசில் கொடுக்கவில்லை. விசாரணை சைரன் பக்கம் திரும்பியது. கழற்றச் சொன்னது கோதண்டம் என்று முதலில் ஒரு எலக்ட்ரீஷியன் வாயைத் திறந்தான், அப்புறம் இன்னும் இரண்டு பேர். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. முடிய வருஷக்கணக்காகும் என்கிறார்கள். அன்புமணி வீட்டில் இதைச் சொன்னபோது அவர்கள் தலையை மட்டும் ஆட்டினார்களாம்.

கார்குழலியின் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிந்தது. நீட்டிக்கவில்லை. வாக்குமூலத்தை மொழிபெயர்த்ததில் கவனக்குறைவு என்று கடிதத்தில் காரணம் போட்டிருந்தார்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதால் அவளால் யாரிடமும் முறையிட முடியவில்லை. தடைக்காலம் முடிந்து வெற்றி கடலுக்குப் போனான். கிளம்பும்போது வாசலில் நின்று, "உன்ன வுட்ருன்னு சொன்னேன்ல, அத மனசுல வெச்சுக்காத," என்று மட்டும் சொன்னான்.

வேலை முடிவதற்கு முந்தின வாரம் ஒரு கடைசி வேலை இருந்தது. கிருஷ்ணப்பனின் வாக்குமூலத்தைப் புதிதாக எடுக்க வேண்டும் என்று ரமாபாய் எழுதியிருந்தார். வேறு ஆள் வேண்டுமா என்று கேட்டதற்கு, அந்தப் பொண்ணே வரட்டும் என்று கிருஷ்ணப்பன் சொல்லியனுப்பியிருந்தார். வியாசர்பாடியில் அவர் வீட்டுக்கே போனாள். மூன்றாவது மாடி. ஒவ்வொரு படியிலும் திரும்பிவிடலாமா என்றிருந்தது. கெங்கம்மா கதவைத் திறந்தாள். இந்தமுறை கையைப் பிடிக்கவில்லை. ஆனால் ஃபேனுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவர் சொன்னார், அவள் எழுதினாள், லேப்டாப்பில் அடித்து, எதிர்க் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தாள். ரேகை வைக்க மைப்பெட்டியைத் திறந்தாள். கிருஷ்ணப்பன் விரலை நீட்டவில்லை.

"மொதல்லேர்ந்து படி. ஒவ்வொரு வார்த்தயும் இன்னான்னு தமில்ல சொல்லு. அப்பால வெக்கறேன்."

பெரிய மகள் ஒரு நோட்டோடு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். கார்குழலி தாளை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, முதல் சொல்லின் கீழே விரலை வைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார். ஒரு சொல் சொன்னதும் மகள் பக்கம் திரும்பினார். மகள் தலையாட்டினால்தான் அடுத்த சொல்லுக்குப் போக விட்டார். நடுநடுவே, இது எதுக்கு இங்க கீது, இத அங்க தூக்கி வெச்சா இன்னா ஆவும் என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தெரியாத இடத்தில் தெரியாது என்றாள். இரண்டு இடத்தில் மகள் திருத்தினாள். கார்குழலி அடித்துவிட்டு மாற்றி எழுதினாள். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசிச் சொல்லையும் கேட்டுவிட்டு அவர் தாளை இடது கையால் அவள் பக்கம் தள்ளினார்.

"இன்னொரு தபா படி," என்றார்.